குறிப்பு அனுப்ப வேண்டாம், நீங்களே ஜெபியுங்கள்

கேள்வி: என் மகனின் வேலைக்காக ஒரு பெரிய ஊழியத்துக்குக் காணிக்கையோடு ஜெபக்குறிப்பு அனுப்பிவருகிறேன். இப்போது என் ஓரகத்தி சிறுநீரகக் கோளாறால் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சொத்துத் தகராறில் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவளுக்காகவும் ஒரு குறிப்பு அனுப்பட்டுமா? சாதாரணமான என் ஜெபத்துக்கு என்ன வல்லமை இருக்கிறது?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அனுப்ப வேண்டாம் அம்மா. மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனசைக் கொடுத்தவர் இந்த வேலையையும் உங்களிடம்தான் கொடுத்திருக்கிறார்.

பெரிய ஊழியக்காரர் ஜெபித்தால்தான் பரலோகம் திறக்கும் என்ற எண்ணம் நம் சபைகளுக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. வேதத்தில் அது இல்லை. பவுலைவிடப் பெரிய ஊழியக்காரர் யார்? அவர், விசுவாசத்துக்கு வந்து அதிக காலம் ஆகாத தெசலோனிக்கே சபையாரிடம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று கேட்கிறார். தன் முகத்தையே பார்த்திராத கொலோசெயரிடமும் காவலில் இருந்தபடி அதையே கேட்கிறார். ‘நீதிமானின் ஊக்கமான ஜெபம்’ என்று சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறவர்கள், அதே வசனத்தில் அதற்கு முன்னால் இருக்கும் ‘ஒருவருக்காக ஒருவர்’ என்பதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, வல்லமைக்கு வருவோம். அழிவுக்குக் குறிக்கப்பட்ட சோதோம் ஊருக்காக ஆபிரகாம், ‘50 நீதிமான்கள் இருந்தால் அழிக்காமல் விடுவீரோ’ என்று தொடங்கி 10 பேர் வரை இறங்கி மன்றாடினார். ஊர் தப்பவில்லை. ஆனால் தேவன் ஆபிரகாமை நினைத்து, அங்கே குடியிருந்த அவருடைய சகோதரன் மகன் லோத்தை வெளியே அனுப்பினார். கேட்டது கேட்டபடியே கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். தருகிறவர்களை நீங்கள் நம்பவும் வேண்டாம். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ‘நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ’ என்று தேவனே முதலில் பேச்சை எடுக்கிறார். அப்புறம் அந்த மனிதர் அடுத்த ஊருக்காக வாதாட வாதாட, ஒவ்வொரு முறையும் நின்று பதில் சொல்கிறார். அப்படி அவர் முன்னால் நிற்கும் உரிமை நாசரேத்தில் இருக்கும் உங்களுக்கும் உண்டு. அதையா தபாலில் இன்னொருவருக்கு அனுப்புவது?

நம் திருநெல்வேலிச் சீமையின் முன்னோர் அனுப்பவில்லை. 1903இல் அவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னின்றவர். தெலுங்கு நாட்டு தோர்ணக்கலில் அவர்கள் பார்த்தே இராத மக்களுக்காக ஜெபித்தார்கள், கொடுத்தார்கள், ஆள் அனுப்பினார்கள். பனையை நம்பிப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் நிறைந்த சபைகள் அவை. உலை வைக்கும் முன் ஆண்டவருக்கென்று பிடியரிசி எடுத்துவைத்த பெண்கள் இருந்த வீடுகள். ‘சாதாரணமான என் ஜெபம்’ என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் அந்தச் சங்கமே இருந்திராது.

இனி உங்கள் ஓரகத்தி. வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லித் தொடங்கி, சொத்துக் கதையில் கொண்டுபோய் முடித்துவிடாதீர்கள். நம் ஊர்களில் இது நடக்கிறது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் மானமே தெருவுக்கு வந்துவிடுகிறது. ‘அவளுக்குப் புத்தியைக் கொடும்’ என்று கேட்பதும் அவளுக்கான ஜெபம் அல்ல, அது உங்கள் வழக்கு. வழக்கில் நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம், அதை வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம். ஜெபத்தில் அவளுடைய சிறுநீரகத்தைச் சொல்லுங்கள், ராத்திரியில் அவளுக்கு வரும் பயத்தைச் சொல்லுங்கள், வைத்தியச் செலவுக்கு அலையும் உங்கள் கொழுந்தனாரைச் சொல்லுங்கள். யோபு, தன்னைக் குற்றவாளி என்று பேசிப் புண்படுத்திய சிநேகிதருக்காகத்தான் வேண்டினார். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தக் காணிக்கைப் பணத்தை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ரயிலில் ஏறுங்கள். பாளையங்கோட்டையிலேயே இறங்கிக்கொள்ளலாம். அவள் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, ‘உனக்காக ஜெபிக்கட்டுமா’ என்று அவளிடமே கேளுங்கள்.