முன்சக்கரமா, பின்சக்கரமா, நான்கு சக்கரமா: ஓட்டுவதில் மகிழ்ச்சி தரும் கார் எது?

முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் ஆகிய மூன்றில் எது ஓட்டுபவருக்கு அதிக மகிழ்ச்சி தரும் என்றும், அன்றாடப் பயன்பாட்டுக்கும் அவ்வப்போது பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கும் ஒரே காரை வாங்க நினைப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று வகைகளையும் தடத்தில் ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சக்கரங்கள் காரை நகர்த்துகின்றன என்பது இரண்டாவது கேள்வி. கார் எவ்வளவு கனமானது, அந்தக் கனம் எங்கே இருக்கிறது, முன் டயர்களின் மீது எத்தனை வேலைகள் சுமத்தப்பட்டிருக்கின்றன என்பவையே முதல் கேள்விகள். அவற்றுக்கு விடை தெரிந்தால், மற்றவை பெரும்பாலும் தாமே விளங்கிவிடும்.

டயரிலிருந்து தொடங்குவோம். ஒரு டயர் சாலையைத் தொடுவது கையகலப் பரப்பில்தான். அது தரக்கூடிய பிடிமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வேகமெடுக்கவும் பிரேக் பிடிக்கவும் செலவாகும் பிடிமானம் திரும்புவதற்குக் கிடைக்காது. ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காமின் பெயரால் வழங்கும் உராய்வு வட்டம் இந்த உண்மையைத்தான் படமாகக் காட்டுகிறது. முன்சக்கர இயக்கக் காரில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவது ஆகிய மூன்றும் முன்னிரு டயர்களின் தலையில் விழுகின்றன. பின்சக்கர இயக்கக் காரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது முன் டயர்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்த்தால் போதும். ஸ்டீயரிங் தெளிவாக இருக்கிறது என்று பின்சக்கர இயக்கத்தை விரும்புகிறவர்கள் சொல்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இதோடு எடை இடமாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1,000 கிலோ எடையும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், 2.5 மீட்டர் வீல்பேஸும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். அது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகமெடுத்தால், 100 கிலோ அளவுக்கான சுமை முன்னிருந்து பின்னுக்கு நகர்கிறது. முன்பக்கம் 600 கிலோ தாங்கும் முன்சக்கர இயக்கக் காரில், இயக்கும் டயர்களின் மேல் அப்போது 500 கிலோதான் மிஞ்சும். சுமை முன்னும் பின்னும் சரிபாதியாக உள்ள பின்சக்கர இயக்கக் காரிலோ இயக்கும் டயர்களின் மேல் 500 கிலோ 600 ஆகிவிடும். திறன் கூடக்கூட ஒன்று திணறுவதும் மற்றொன்று ஊன்றிக்கொள்வதும் தயாரிப்பாளரின் திறமைக் குறைவால் அல்ல, இயற்பியலால்தான்.

ஆனால், இயக்கும் சக்கரங்களைவிட எஞ்சின் இருக்கும் இடமே காரின் குணத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கைகளில் எடைக்கற்களை ஏந்தியபடி சுழல்பவர், கைகளை நீட்டினால் மெதுவாகவும் மார்போடு அணைத்தால் விரைவாகவும் சுழல்வார், காரும் அப்படித்தான். கனமான பாகங்கள் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருந்தால் கார் ஸ்டீயரிங்குக்கு உடனே திரும்பும். ஆனால் பிடிமானத்தை இழந்தால் அதே விரைவோடு சுழன்றும் விடும். 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் இதற்குச் சிறந்த சான்று. ஒட்டி இணைத்த அலுமினியச் சட்டம், இருக்கைகளுக்குப் பின்னால் 1.8 லிட்டர் ரோவர் எஞ்சின், 118 குதிரைத்திறன், ஏறத்தாழ 725 கிலோ எடை. காகிதத்தில் இந்த எண்கள் யாரையும் அசத்தமாட்டா. ஆனால் எடை அவ்வளவு குறைவாக இருந்ததால், பவர் ஸ்டீயரிங்கே தேவைப்படாமல் சாலையின் ஒவ்வொரு நெளிவும் கைக்கு வந்து சேர்ந்தது.

பின் அச்சுக்கும் பின்னால் எஞ்சினை வைத்த போர்ஷே 911-இன் வரலாறு இதைவிடச் சுவையானது. 1963-இல் அறிமுகமான அந்தக் காரின் தொடக்ககால வடிவங்களில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்புறம் வெளியே வீசப்படும் பழக்கம் இருந்தது. முன் பம்பருக்குள் எடைக்கட்டிகளை வைத்துச் சமாளித்த நிறுவனம், 1969-ஆம் ஆண்டு மாதிரியில் பின்சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளி வீல்பேஸை 57 மில்லிமீட்டர் நீட்டித்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் சஸ்பென்ஷனிலும் டயரிலும் செய்த உழைப்பின் பயனாக, அன்று குறையாக இருந்த பின்பாரமே இன்று அந்தக் காரின் வலிமையாகிவிட்டது. வளைவிலிருந்து வெளியேறும்போது அதற்குக் கிடைக்கும் உந்துபிடிமானத்தை, முன்னே எஞ்சின் கொண்ட பின்சக்கர இயக்கக் கார்கள் எட்டுவது கடினம். ஓர் அமைப்பு நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க முடியாது என்பதற்கு 911-ஐவிடப் பெரிய சான்றை நான் அறியேன்.

புதிதாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, எஞ்சினை முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்து, பின்சக்கரங்களை இயக்கும் எடை குறைந்த கார்களைத்தான். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா 1.6 லிட்டர் எஞ்சினும், ஏறத்தாழ 115 குதிரைத்திறனும், 1,000 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையும் கொண்டிருந்தது. கியர்பெட்டியையும் பின் டிஃபரன்ஷியலையும் (ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) ஒரே உறுதியான சட்டத்தால் பிணைத்திருந்ததால், ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே தொய்வில்லாமல் பின்சக்கரங்கள் பதிலளித்தன. 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86-உம் அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்-உம் இன்னொரு துணிச்சலான முடிவைக் காட்டின. 200 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார்களுக்கு, எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரியஸ் காரிலும் பயன்பட்ட மிஷலின் பிரைமசி டயர்களையே பொருத்தினார்கள். பிடிமானம் வேண்டுமென்றே மிதமாக வைக்கப்பட்டதால் கார் மெல்ல வழுக்கத் தொடங்கும் எல்லை குறைந்த வேகத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே ஓட்டுபவர் அச்சமின்றி நின்று கற்றுக்கொள்ள முடிகிறது. அகலமான பந்தய டயர்களை உடனே மாட்டிவிடுகிறவர்கள் அந்த எல்லையை மிக அதிக வேகத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நேரம் குறையும் என்பது உண்மை. கற்கும் வாய்ப்பும் குறையும் என்பதும் உண்மை.

முன்சக்கர இயக்கத்தைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் நல்லதொரு முன்சக்கர இயக்கக் காரை அதன் போக்கில் ஓட்டியதில்லை என்றே கருதுகிறேன். அதை ஓட்டும் முறை வேறு. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொண்டே திருப்பினால், முன் டயர்களின் மேல் சுமை அமர்ந்து அவை நன்கு பற்றுகின்றன, பின்புறம் இலகுவாகி, கார் தானே உள்நோக்கித் திரும்புகிறது. அதன் பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நல்ல லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) இருந்தால், உள்சக்கரம் வீணாகச் சுழலாமல் வெளிச்சக்கரத்துக்கு டார்க், அதாவது சுழற்று விசை, சென்று, காரின் மூக்கை வளைவின் உட்புறத்துக்கே இழுத்துவிடும். ஜப்பானில் 1995-இல் வெளியான ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் இந்த அனுபவத்தை அளித்த கார்களில் தலையாயது. 1.8 லிட்டர் எஞ்சினிலிருந்து டர்போ இல்லாமலேயே நிமிடத்துக்கு 8,000 சுழற்சிகளில் 200 குதிரைத்திறன், ஹெலிகல் வகை டிஃபரன்ஷியல், கூடுதல் வெல்டிங்கால் உறுதியாக்கப்பட்ட உடல், எடையைக் குறைப்பதற்காக மெல்லியதாக்கிய முன் கண்ணாடி என்று ஒவ்வொரு முடிவும் ஓட்டுபவரை எண்ணியே எடுக்கப்பட்டிருந்தது.

திறன் 300 குதிரைகளைத் தாண்டியபோது வந்த சிக்கல் டார்க் ஸ்டியர், அதாவது மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பது. சக்கரம் திரும்பும் அச்சைச் சக்கர மையத்துக்கு அருகே கொண்டுவரும் முன் சஸ்பென்ஷன் அமைப்புகள் இதைப் பெருமளவு அடக்கின. 2009-ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்-இலும், பின்னர் ஹோண்டா சிவிக் டைப் ஆர்-இலும் இந்த வழி பின்பற்றப்பட்டது. 2017-இல் வந்த சிவிக், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 43.80 விநாடிகளில் சுற்றி, அன்றைய நிலவரப்படி முன்சக்கர இயக்கக் கார்களுக்கான சாதனையைப் படைத்தது. குடும்பத்தோடு செல்லவும் பொருட்களை ஏற்றவும் இடமுள்ள ஒரு கார் இதைச் செய்தது என்பதை அன்றாடப் பயன்பாடும் தேவைப்படும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. அது வேகமெடுப்பதற்கான பிடிமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைப்பதில்லை, சீரான வேகத்தில் வளையும்போது டயரின் பிடிமானத்தைக் கூட்டுவதும் இல்லை. கூடுதல் தண்டும் டிஃபரன்ஷியலும் எடையைத்தான் கூட்டுகின்றன. ஈரத்திலும் சரளையிலும் பனியிலும் அதன் மேன்மை மறுக்க முடியாதது. 1980-இல் வந்த ஆடி குவாட்ரோவுக்குப் பிறகு ராலி பந்தயங்கள் முழுவதுமாக அந்தப் பக்கம் திரும்பியது அதனால்தான். உலர்ந்த தடத்தில் மகிழ்ச்சி வேண்டுமென்றால், டார்க்கை எங்கே எப்போது அனுப்புவது என்று சிந்தித்த அமைப்பு வேண்டும். 1989-ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வழக்கமாகப் பின்சக்கரங்களால் ஓடி, அவை வழுக்கினால் மட்டும் பலதட்டுக் கிளட்ச் வழியாக முன்சக்கரங்களுக்குப் பாதி வரை டார்க் அனுப்பியது. 1996-இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 4, இரண்டு பின்சக்கரங்களுக்கும் வெவ்வேறு அளவில் டார்க் பங்கிட்டு, காரைத் திருப்புவதற்கே அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியது. 1,280 கிலோ எடையும் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினும் கொண்டு 2020-இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ், இந்த வகைக் கார் கனமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று காட்டியதால், இக்கால நான்கு சக்கர இயக்கக் கார்களில் என் மதிப்பில் முதலிடம் பெறுகிறது.

மின்சாரக் கார்களில் ஹூண்டாய் ஐயோனிக் 5-இன் ‘N’ பதிப்பு பாராட்டத்தக்க முயற்சி. கியர் மாற்றும் உணர்வைக்கூடப் போலச் செய்து ஓட்டுபவருக்கு ஈடுபாட்டைத் தருகிறார்கள். ஆயினும் 2,200 கிலோ அளவிலான எடை பிரேக்கையும் டயரையும் விரைவில் களைப்படையச் செய்யும். எடையே முதல் கேள்வி என்று நினைக்கும் எனக்கு அது இன்னும் தடையாகவே தெரிகிறது.

இனி உங்கள் தேர்வு. உங்களையும் சேர்த்து இருவருக்கு மேல் அரிதாகத்தான் பயணிப்பார்கள் என்றால் எம்எக்ஸ்-5 அல்லது ஜிடி86 வாங்குங்கள். என் சொந்த விருப்பமும் அதுவே. பின் இருக்கையும் பொருட்களுக்கான இடமும் கட்டாயம் தேவை என்றால், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பொருத்தப்பட்ட முன்சக்கர இயக்கக் காரே அறிவார்ந்த தேர்வு. ஆண்டின் பெரும்பகுதி சாலை ஈரமாக இருக்கும் இடத்தில் வசிப்பவருக்கு மட்டும் நான்கு சக்கர இயக்கத்தை முதலில் சொல்வேன். வாங்குவதற்கு முன் நேர்ச்சாலையில் வேகத்தைச் சோதிப்பதில் பயனில்லை. போக்குவரத்து இல்லாத, அனுமதியுள்ள மைதானத்தில் மிதமான வேகத்தில் வட்டமாக ஓட்டி, ஆக்சிலரேட்டரைச் சிறிது கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முன் டயர் பிடிமானம் இழக்கத் தொடங்குவது ஸ்டீயரிங்கில் இலகுவாகவும், பின் டயர் இழக்கத் தொடங்குவது இருக்கை வழியாக இடுப்பிலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த இரண்டும் தெளிவாகத் தெரியும் காரையே வாங்குங்கள். விற்பனைத் தாளில் உள்ள குதிரைத்திறன் குறைவாக இருந்தாலும் தயங்காதீர்கள்.