தாத்தா வைத்துவிட்டுப் போன புலிநகம்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் வசிக்கிறேன். என் தந்தை காலமாகி 52 நாட்கள் ஆகின்றன. அவருடைய இரும்புப் பெட்டியில், தங்கப் பூண் கட்டிய இரண்டு புலிநகங்கள் கோத்த சங்கிலியும், வேட்டியில் சுற்றிய சிறுத்தைத் தோலும் இருந்தன. 1950களில் என் தாத்தா வேட்டைக்குப் போனவர். சங்கிலியைப் பேத்திக்குப் போடலாம் என்கிறார் மனைவி. நகங்களுக்கு விலை தருவதாகப் பத்தர் சொல்கிறார். தோலைத் தம்பி பெங்களூருக்குக் கொண்டுபோக நினைக்கிறான். இதில் சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நாள் கணக்கோடு வரும் சிக்கல். புலியும் சிறுத்தையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியலில் உள்ளவை. நகம், பல், தோல், முடி என அவற்றின் எந்தப் பகுதியானாலும், விற்காமல் பெட்டிக்குள் வைத்திருப்பதையே இந்தச் சட்டம் கேள்விக்கு உட்படுத்துகிறது. தாத்தா சுட்ட காலத்தில் வேட்டை சட்டபூர்வமாக இருந்திருக்கலாம். ஆனால் அதனால் மட்டும் இன்று நீங்கள் வைத்திருப்பது சட்டபூர்வமாகிவிடாது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கைவசம் உள்ளதை அறிவிக்க 30 நாட்களும், பின்னர் 2003-இல் மீண்டும் ஒருமுறை 180 நாட்களும் அவகாசம் தரப்பட்டன. அவற்றில் ஒன்றையாவது உங்கள் தாத்தாவோ தந்தையோ பயன்படுத்தி உரிமைச் சான்றிதழ் பெற்றார்களா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும்.

ஆகவே முதலில் பத்திரக் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். தோலைத் திருப்பி, உட்புறத்தில் வனத்துறை முத்திரையோ அடையாள எண்ணோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சான்றிதழ் கிடைத்தால், 40-ஆம் பிரிவின் 2பி உட்பிரிவின்படி, வாரிசாகப் பெற்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு நீங்கள் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 38 நாட்களே உள்ளன. வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காமல், இறப்புச் சான்றிதழ், பொருட்களின் படங்கள், அளவுகள் ஆகியவற்றுடன், வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டு மாவட்ட வன அலுவலர் வழியாக மனு கொடுத்து, நகலில் ஒப்புகை பெறுங்கள்.

சான்றிதழ் இல்லையென்றால் நிலைமை கடினம். சான்றிதழ் இல்லாமல் இவற்றைப் பெறவோ வைத்திருக்கவோ கூடாது என்ற தடையிலிருந்து, வாரிசுரிமையாக வருவதற்கு அதே 40-ஆம் பிரிவின் 2ஏ உட்பிரிவு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் தந்தையிடமே முறையான ஆவணம் இல்லாதபோது, மகன் அந்த விலக்கை மட்டும் நம்புவது பலவீனமான வாதம் என்றே நான் கருதுகிறேன். மேலும், பொருள் உங்கள் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அது சட்டவிரோதமானதல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 57-ஆம் பிரிவு உங்கள் மீதே சுமத்துகிறது. எனவே அதே 90 நாட்களுக்குள், கண்டெடுத்த விதத்தை உள்ளபடி எழுதி, வழக்கறிஞர் ஒருவருடன் சென்று இரண்டையும் ஒப்படைப்பதே நல்லது. ஒப்படைத்தால் வழக்கே வராது என்று சட்டம் உறுதி தரவில்லை. ஆயினும் தாமாக முன்வந்து கொடுத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

பத்தரின் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது, வாங்குபவரும் குற்றவாளியாவார். முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

பேத்திக்குப் போடுவது விற்பனை ஆகாதுதான். ஆனால் வாரிசுரிமை அல்லாத வழியில் இதைப் பெறுவதற்கும் தடை உள்ளது. 2023 அக்டோபரில், கர்நாடகத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் புலிநகப் பதக்கம் அணிந்து தோன்றிய ஒருவர் அதற்காகவே கைதானார். பெயர்சூட்டு விழாப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் போனாலே உங்களுக்கும் அந்த நிலை வரலாம்.

தம்பி தோலை எடுத்துப் போவதும் இப்போது வேண்டாம். சான்றிதழ் உள்ள பொருளையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

இன்னொன்று: மாட்டுக் கொம்பைச் சீவிச் செய்த போலி நகங்களும் நாட்டில் ஏராளம். உங்களுடையதும் அப்படி இருக்கலாம் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வு செய்து சொல்வார்கள். வனத்துறை வழியாக அனுப்பக் கோருங்கள். தங்கப் பூணை அலுவலர் முன்னிலையில் கழற்றி, எடை குறித்துத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் மனுவிலேயே கேளுங்கள். அதுவரை சங்கிலி இப்போது இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும்.