வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: நிலாவுக்கு ஆள் அனுப்பிய ராக்கெட்டைச் செய்தவர் ஹிட்லரிடம் வேலை பார்த்தவராமே, நிஜமா சார்?
(கல்லூரி மாணவி, தென்காசி)

நிஜம்தான் அம்மா. வெர்னர் ஃபான் பிரவுன். நாஜிக் கட்சி உறுப்பினர், அந்தக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸில் மேஜருக்குச் சமமான பதவி. பௌதிகம் நடத்திய காலத்தில் அவர் படத்தை லேப் சுவரில் ஒட்டிவைத்து, "இவரைப் போல வரணும்டா" என்று பசங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மீதிக் கதையை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

1942 அக்டோபர் 3-ல் பால்டிக் கடலோரப் பீனமுண்டேயிலிருந்து அவருடைய ராக்கெட் 80 கிலோமீட்டருக்கு மேல் ஏறியது. பின்னால் வி-2 என்ற பெயரில் லண்டனிலும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் விழுந்தது அதுதான். ஒலியை முந்தி வரும். முதலில் வெடிக்கும், வந்த சத்தம் அப்புறம்தான் கேட்கும்.

1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயில் குண்டு போட்டதும், தயாரிப்பை ஜெர்மனியின் நார்ட்ஹவுசன் ஊர்ப் பக்கம் ஒரு மலைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். வேலைக்கு வதைமுகாம் கைதிகள். முதல் மாதங்களில் தூக்கமும் சுரங்கத்துக்குள்ளேயே, அடுக்குப் பலகைகளில். கழிப்பறை என்பது பாதியாக வெட்டிய பீப்பாய். பக்கத்திலேயே பாறைக்கு வெடி வைப்பார்கள்; அந்தப் புழுதிதான் மூச்சு. இந்தக் கைதிகளுக்கான டோரா முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் வந்த சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். ராக்கெட் விழுந்து செத்தவர்கள் இதில் பாதிகூட இல்லை.

ஃபான் பிரவுனுக்குத் தெரியாமலா? 1944 ஆகஸ்ட் 15 தேதியிட்ட கடிதத்தில், தொழில் தெரிந்த கைதிகளைத் தேடித் தானே புக்கன்வால்ட் வதைமுகாமுக்குப் போய் வந்ததை எழுதியிருக்கிறார்.

கேள்வி: பிறகு அவரை அமெரிக்கா எப்படிச் சேர்த்துக்கொண்டது?
(அதே மாணவி)

சோவியத் கைக்குப் போய்விடக் கூடாதே என்றுதான். அவர்களும் சும்மா இல்லை, வி-2வை அப்படியே பார்த்து ஆர்-1 என்ற ராக்கெட் செய்தார்கள். சுரங்கத்தில் உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடால்ஃப், அமெரிக்காவில், நிலாவுக்கு ஆள் அனுப்பிய அந்த சாட்டர்ன்-5 ராக்கெட்டின் திட்ட மேலாளரே ஆனார். அமெரிக்க அரசு அவருடைய போர்க்காலக் கோப்புகளைத் தோண்டியதும் 1984-ல் வழக்கைத் தவிர்க்க ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார்.

இன்று லேப் கையில் இருந்தால் வேறு படம் ஒட்டுவேன். 1946 அக்டோபர் 24-ல் நியூ மெக்சிகோவில் ஏவிய வி-2, 105 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த பூமி. கறுப்பு வெள்ளை, மங்கல். ராக்கெட் தரையில் மோதி நொறுங்கியும் எஃகுப் பெட்டியில் இருந்த பிலிம் தப்பியது. அங்கே பறந்த வி-2களை, அந்தச் சுரங்கத்திலிருந்து அள்ளிவந்த பாகங்களைக் கொண்டுதான் பூட்டினார்கள்.