தவறுகளின் பதிவேடு காலியாக இருந்தால் கவலைப்படுங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். என் கீழே 14 செவிலியர்கள். ஊசி மாறினாலோ டோஸ் விட்டுப்போனாலோ யாரும் வாய் திறப்பதில்லை. டாக்டர் ரவுண்ட்ஸில்தான் தெரியவருகிறது. மெமோ கொடுத்தும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: மெமோதான் வாயை அடைக்கிறது, சிஸ்டர். சொன்னவருக்கு மெமோ, மறைத்தவருக்கு நிம்மதி என்றிருந்தால் யார் சொல்வார்கள்? 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் பதிவான தவறுகளின் எண்ணிக்கை அதிகமாக வந்தது. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நோயாளிக்குப் போகுமுன் கையில் பிடிபட்ட தவறுகளிலிருந்து ஆரம்பியுங்கள். டூட்டி மாறி, அடுத்த ஷிப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைத்ததும் (ஓவர் கொடுத்ததும்) ஐந்து நிமிடம் போதும். "யார் தப்பு செய்தீர்கள்?" என்றால் தலை குனிவார்கள். "எந்த மருந்தை எடுக்கும்போது ஒரு நொடி சந்தேகம் வந்தது?" என்று கேளுங்கள். முதல் நாள் உங்களுடைய தடுமாற்றம் ஒன்றை நீங்களே சொல்லுங்கள்.

ஒருவர் வந்து சொன்னால் முதலில் நோயாளி: பி.பி., பல்ஸ் பார்த்து டாக்டருக்குத் தகவல். பிறகு கேஸ் ஷீட்டில் நடந்தது நடந்தபடி. "கண்ணு எங்கே இருந்துச்சு?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டால் போதும், மற்ற 13 பேரும் பாடம் கற்றுக்கொள்வார்கள். காரணத்தைத் தேடுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் டிஸ்டில்டு வாட்டரும் ஒரே ட்ரேயில் கிடந்தால் கை மாறத்தான் செய்யும். பொட்டாசியத்தை வார்டு ஸ்டாக்கிலிருந்தே எடுத்துவிடுவது உத்தமம். மருந்து ஏற்றும்போது போன் அடிக்கிறதா? அந்த அரை மணி நேரம் போனை வேறொருவர் எடுக்கட்டும். ஒரு வாரத்துக்குள் எதையாவது மாற்றி, யார் சொன்னதால் மாறியது என்று அவர் சம்மதத்தோடு எல்லோர் முன்பும் சொல்லுங்கள். மாற்றம் கண்ணில் படாவிட்டால் பேச்சு மறுபடி நின்றுவிடும்.

மெமோவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதுவது, கேஸ் ஷீட்டைத் திருத்துவது போன்றவற்றுக்கு அது இருக்கட்டும்.

தவறு செய்த பெண்ணை அந்த ஷிப்ட்டில் தனியாக மருந்து ஏற்ற விடாதீர்கள், கை நடுங்கும். இரண்டு வாரம் கழித்தும் தூக்கமில்லை, டூட்டிக்கு வரவே பயம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இதையெல்லாம் தொடங்குமுன், தானாக வந்து சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பொறுத்துக்கொண்டதற்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்தால், அப்புறம் உங்களிடமும் யாரும் பேச மாட்டார்கள்.