வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கவர்னர் பதவின்னா வயசான காலத்துல ஓய்வா இருக்குற போஸ்ட்தானே சார்? அதுக்கு முன்னாடி நிஜமாவே மக்களுக்கு உழைச்ச யாராவது இருக்காங்களா?

பதில்: ஏன் இல்ல, நம்ம பொள்ளாச்சி பக்கத்துக்காரர் சி.சுப்பிரமணியத்த மறந்துட்டீங்களே! 1990-ல மகாராஷ்டிரா கவர்னரா போனப்ப அவருக்கு வயசு 80, ஆனா அதுக்கு முன்னாடி அவர் பண்ணினத சொல்லணும்னா அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952-லருந்து பத்து வருஷம் சென்னை மாகாண மந்திரி, அப்புறம் டெல்லின்னு போய்க்கிட்டே இருக்கும். எனக்கு அவர்னாலே முதல்ல ஞாபகம் வர்றது கோதுமைதாங்க. 1964-ல பிரதமர் சாஸ்திரி அவர உணவு மந்திரி ஆக்குனாரு, நாடு அமெரிக்கா கப்பல்ல வர்ற தானியத்த நம்பி இருந்த நேரம், புது ரகம் வேணாம்னு எதிர்ப்பு வேற, மனுஷன் அசரல, 1966-ல மெக்சிகோவுல இருந்து 18,000 டன் குட்டை ரக கோதுமை விதை, அதாவது குட்டையா வளர்ந்து அதிக விளைச்சல் தர்ற ரகம், இறக்குனாரு. டெல்லியில தன் பங்களா புல்தரைய உழுது அதுலயே கோதுமை வெதைச்சாரு பாருங்க, அந்த ஒண்ணு போதும் எனக்கு! இந்திய உணவுக் கழகம் வந்ததும் அவர் காலத்துலதான், 1965-ல. இவ்வளவு பண்ணியும் 67 தேர்தல்ல தோத்தாரு, அது இன்னிக்கும் மனசு ஆறல.

1993-ல கவர்னர் பதவிய ராஜினாமா பண்ணின பிறகும் சும்மா இருக்கல, பாரதிய வித்யா பவன்ங்கற கல்வி, பண்பாட்டு அமைப்போட தலைவரா இருந்தாரு, 1998-ல பாரத ரத்னா, 2000-ல 90 வயசுல காலமானாரு, அந்த வருஷம் கூட விவசாயிகளுக்காக ஒரு அமைப்பு ஆரம்பிச்சிருந்தாருங்க.