படிவத்தில் 'எப்போதாவது' என்று ஒரு கட்டம் இல்லை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'எப்போதாவது' என்ற ஒரே சொல்லைச் சுற்றியே வருகின்றன. எப்போதாவது ஒரு சிகரெட், எப்போதாவது ஒரு சுருட்டு. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் இதை என்னவென்று எழுதுவது என்பதுதான் எல்லோருக்கும் குழப்பம். அதனால் புகையிலை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாதத்துக்கு இரண்டோ மூன்றோ சிகரெட், அதுவும் நண்பர்கள் கூடும்போது மட்டும். 'இதையெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க சார், இல்லைன்னு போட்டுடுங்க' என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

போடாதீர்கள். படிவத்தில் உள்ள கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'நீங்கள் புகைப்பவரா?' என்று அது பெரும்பாலும் கேட்பதில்லை. 'கடந்த 12 மாதங்களில் புகையிலையையோ நிகோட்டினையோ எந்த வடிவிலாவது பயன்படுத்தியது உண்டா?' என்றுதான் கேட்கும். சில நிறுவனங்கள் இன்னும் சில ஆண்டுகள் பின்னால் போய்க் கேட்கும். முதல் கேள்விக்கு உங்கள் மனசு 'இல்லை' என்று சொல்லலாம். இரண்டாவதற்கு 'ஆம்' மட்டும்தான் உண்மை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளெய்ம் கோப்பைப் பார்த்தேன். பாலிசி எடுத்த 14-வது மாதம் மாரடைப்பில் இறந்தவர். விண்ணப்பத்தில் புகையிலைக்கு நேரே 'இல்லை'. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு, டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் கேட்டபோது அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கேஸ் ஷீட்டில் அவசரக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: வாரம் 2, 3 சிகரெட், 10 வருடமாக. நிறுவனம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வந்தது. இப்படி ஒரு பழக்கம் அவருக்கு இருந்ததே மனைவிக்கு அப்போதுதான் தெரியும். என் எதிரே உட்கார்ந்து அந்த ஜெராக்ஸ் தாளை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டாக்டரிடம் யாரும் மறைப்பதில்லை, மறைக்கவும் கூடாது. ஆனால் டாக்டர் எழுதிய தாளும் நீங்கள் நிரப்பிய விண்ணப்பமும் ஒரே மேஜைக்கு வரும் நாளில், விளக்கம் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். 'ஏஜென்ட் சொன்னார்' என்பதும் செல்லுபடியாவது கஷ்டம். கையெழுத்து உங்களுடையது. 'மாதம் 2, 3 சிகரெட், கடைசியாகப் பிடித்தது இந்தத் தேதி' என்று அப்படியே எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி எழுதினால் ஒரு நாளைக்கு 20 பிடிப்பவருக்கும் எனக்கும் ஒரே கட்டணமா? இது என்ன நியாயம்?

பல நிறுவனங்களில் ஒரே கட்டணம்தான். டேர்ம் பாலிசியில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசியில், புகையிலைப் பிரிவின் பிரீமியம் பொதுவாக ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை போகும், சில வயதுகளில் அதையும் தாண்டும். வயது ஏற ஏற இடைவெளி பெரிதாகும்.

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நிறுவனத்தின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. 1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் பகிரங்கமாக இணைத்துப் பேசியது. புகைக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம் என்ற பழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. அடுத்து, இதயத்தைப் பொறுத்தவரை 'கொஞ்சம்தானே' என்ற கணக்கு எடுபடுவதில்லை. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. தினம் 20 சிகரெட்டால் கூடும் இதய நோய் அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி, தினம் ஒரே ஒரு சிகரெட்டிலேயே வந்துவிடுகிறது என்று அது காட்டியது. இருபதில் ஒரு பங்கு பிடித்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படி இல்லை.

இன்னொன்று, 'எப்போதாவது' என்பதை யாரும் அளந்து பார்க்க முடியாது. அந்தச் சொல்லை நம்பிக் கட்டணம் போட்டால், அதிகம் பிடிப்பவர்களும் அதையே எழுதுவார்கள்.

ஆனாலும் எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை. குறைந்த அளவுக்குத் தனிப் பிரிவு வைத்திருப்பவர்கள் உண்டு. உண்மையை எழுதிக்கொடுத்து மூன்று நான்கு இடங்களில் கட்டணம் கேட்டுப் பாருங்கள். இதில் பேரம் பேசும் வழி அது ஒன்றுதான்.

பத்து நாளில் மெடிக்கல் டெஸ்ட். அதுவரை தொடாமல் இருந்தால் தெரியாதுதானே?

ரத்தத்தில் நிகோட்டினே இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் ஆய்வகம் தேடுவது கோட்டினினை. நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாவது அது. பாதியாகக் குறைய அதற்குச் சுமார் 16 மணி நேரம் ஆகும். சிறுநீரிலும் எச்சிலிலும் சில நாட்கள் தங்கும். தலைமுடியைச் சோதித்தால் பல வாரங்களுக்கு முந்தைய பழக்கம்கூடத் தெரியும்.

ஆனால் டெஸ்டில் தப்பிப்பதைப் பற்றி யோசிப்பதே தவறான இடத்தில் கவலைப்படுவது. டெஸ்ட் பார்ப்பது கடைசிச் சில நாட்களை, படிவம் கேட்பது கடைசி 12 மாதங்களை. டெஸ்ட் சுத்தமாக வந்தாலும் படிவத்தில் எழுதியது பொய் என்றால் அது பொய்தான். அந்த ரிசல்ட் பிற்பாடு உங்கள் குடும்பத்துக்குக் கேடயமாக நிற்காது.

எட்டு மாதமாக ஒரு சிகரெட்கூட இல்லை. ஆனால் நிகோட்டின் சூயிங்கம் மெல்கிறேன். நான் எந்தப் பிரிவு?

முதலில், எட்டு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். மனதாரச் சந்தோஷப்படுகிறேன்.

பிரிவு என்று பார்த்தால், பெரும்பாலான இடங்களில் இன்னும் புகையிலைப் பிரிவுதான். 12 மாதம் முழுதாக முடிந்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. பல படிவங்கள் சூயிங்கம்மையும், தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்சையும் 'நிகோட்டின்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றன. கோட்டினின் டெஸ்டும் பாசிட்டிவாகத்தான் வரும், ஏனென்றால் சூயிங்கம்மில் இருப்பதும் அதே நிகோட்டின்தான். புகையிலையில் இருந்து, சூயிங்கம்மில் இல்லாத அனபேசின் என்ற பொருளைத் தேடும் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். ஆனால் எல்லா நிறுவனமும் அதைச் செய்வதில்லை.

அதற்காகப் பாலிசியைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த இடைவெளியில் உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இப்போதே கூடுதல் கட்டணத்தில் எடுங்கள். விட்டு ஒரு வருடம் ஆனதும், கட்டணத்தைத் திரும்பப் பார்க்க வழி இருக்கிறதா என்று அதே நிறுவனத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். புதிய பாலிசி கைக்கு வரும்வரை பழையதை விட்டுவிடக் கூடாது. சூயிங்கம்மையும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். பிரீமியத்துக்காக அதை விட்டுவிட்டுத் திரும்ப சிகரெட்டுக்குப் போனால் எல்லாமே நஷ்டம்.

நான் புகைப்பதே இல்லை, புகையிலை மெல்லுவேன். தம்பி இ-சிகரெட் மட்டும். எங்களுக்குமா?

இருவருக்கும்தான். கேள்வி புகையைப் பற்றியது இல்லை, புகையிலையையும் நிகோட்டினையும் பற்றியது. ஹூக்காவும் இதில் சேர்த்திதான், பழ வாசனை வந்தாலும்.

கணவர் வீட்டுக்குள்ளேயே புகைக்கிறார். எனக்கு டெஸ்டில் காட்டுமா?

பக்கத்தில் இருந்து சுவாசித்தாலும் கோட்டினின் வரும், ஆனால் மிகச் சிறிய அளவு. தினமும் புகைப்பவரின் அளவோடு ஒப்பிட்டால் பொதுவாக நூறில் ஒரு பங்கு போலத்தான். பாசிட்டிவ் என்று சொல்ல ஆய்வகங்கள் வைத்திருக்கும் எல்லைக்குக் கீழேதான் அது நிற்கும். நீங்கள் 'இல்லை' என்றே எழுதலாம். கணவரை வெளியே போய்ப் புகைக்கச் சொல்லுங்கள், டெஸ்டுக்காக இல்லை, உங்கள் நுரையீரலுக்காக.

வருடத்துக்கு இரண்டு சுருட்டு. அதுகூடவா?

எழுதத்தான் வேண்டும். ஆனால் இங்கே கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. வருடத்துக்குச் சில சுருட்டுகள் மட்டும் என்றால், சில நிறுவனங்கள் புகைக்காதவர் கட்டணத்தையே தருகின்றன. நிபந்தனை இரண்டு: விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், டெஸ்டில் கோட்டினின் இருக்கக் கூடாது. ஆக, எழுதினால்தான் அந்தச் சலுகை.

போன வருடம் 'இல்லை' என்று எழுதிப் பாலிசி எடுத்துவிட்டேன். உண்மையில் மாதம் நான்கைந்து பிடிப்பேன். இப்போது தூக்கம் வரவில்லை. என்ன செய்ய?

நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 'விண்ணப்பத்தில் இந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் தந்துவிட்டேன், சரியான விவரம் இது' என்று இரண்டு வரி போதும். அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் பிரீமியத்தை உயர்த்தித் திருத்திக் கொடுப்பார்கள். பாலிசியையே ரத்து செய்யவும் வாய்ப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்படி நடந்தாலும், நீங்கள் உயிரோடு இருந்து வேறு பாலிசி எடுக்க முடியும்.

'சில வருடம் ஓட்டிவிட்டால் யாரும் கேட்க முடியாதாமே' என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் 3 ஆண்டு, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 2 ஆண்டு என்று வரம்பு இருப்பது நிஜம். ஆனால் அந்த வரம்புக்குள் மரணம் வராது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்? பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டுமென்று சொன்ன பொய்யா, கவனக்குறைவா என்று பிரித்துப் பார்ப்பார்கள். கவனக்குறைவு என்றால், கட்டிய பிரீமியத்தின் விகிதத்துக்கு ஏற்பத் தொகையைக் குறைத்துத் தரலாம். சாலை விபத்தில் இறந்தால் புகையிலையைப் பற்றிய பேச்சே வராது என்றும் நம்ப வேண்டாம். உண்மை தெரிந்திருந்தால் இதே கட்டணத்துக்குப் பாலிசி கொடுத்திருப்பார்களா என்று பல இடங்களில் பார்ப்பார்கள்.

பாலிசி எடுக்கும்போது பழக்கமே இல்லை. இரண்டு வருடம் கழித்துத் தொற்றிக்கொண்டது. சொல்ல வேண்டுமா?

பொதுவாகத் தேவையில்லை. ஆயுள் காப்பீட்டில் ஒப்பந்தம் போட்ட நாளின் நிலைதான் கணக்கு. ஆனால் விண்ணப்பித்ததற்கும் பாலிசி கைக்கு வந்ததற்கும் நடுவில் தொடங்கியிருந்தால் சொல்லியாக வேண்டும். அப்புறம், பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியை உயிர்ப்பிக்கும்போதும், புதிதாக ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பு) சேர்க்கும்போதும் உடல்நிலை பற்றி மறுபடி ஒரு படிவம் நீட்டுவார்கள். பழைய பதிலைப் பார்த்து அப்படியே நிரப்பிவிடாதீர்கள். அதில் அன்றைய உண்மையைத்தான் எழுத வேண்டும்.