மாடிப்படிக்குக் கறுப்பு கிரானைட், மேலே கண்ணாடிக் கூரை: பெரிய வீட்டுக்குச் சரிவருமா?

கண்ணாடிக் கூரைக்கு நேர்கீழே பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட் வேண்டவே வேண்டாம். பெரிய வீடுகளில் கல் பதிக்கும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

நீங்களும் ஏதாவது படத்தைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் வெயிலுக்கு ஏங்கும் குளிர்நாட்டு வீடாக இருக்கும். நாமோ வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவர்கள்.

கோவையில் ஒரு வீட்டில் இதே திட்டம். அங்கே ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் நான்காம் வாரமும் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேராக நிற்கும், படியில் கால் வைக்க முடியாது என்றேன். வடிவமைப்பாளர் காதில் வாங்கவில்லை. கூரை இன்னும் திறந்தே இருந்ததால், கீழ்ப்படிகள் இரண்டில் கல்லைப் பதிக்காமல் வெறுமனே வைத்தேன். மதியம் வீட்டுக்காரரைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னேன். ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா, "எந்தப் படி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லையே, தம்பி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள். வடக்குச் சுவரில் உயரத்தில் நீள ஜன்னலும், மேற்கு வெயிலை வடிகட்டச் சுட்ட மண் ஜாலியும் (துளைகள் உள்ள தடுப்பு) வந்தன. படிக்குச் சாம்பல் நிறக் கருங்கல், தீச்சுவாலை காட்டிச் சொரசொரப்பாக்கியது (ஃப்ளேம் என்பார்கள்). ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் மூன்று காடி வெட்டினோம். ஈரக்காலும் வழுக்காது, விளிம்பும் கண்ணுக்குத் தெரியும்.

கண்ணாடிதான் வேண்டும் என்றால் லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள். வெறும் டஃபன்டு கண்ணாடி (சூடாக்கிக் கடினமாக்கியது) உடைந்தால் மொத்தமும் தலையில் கொட்டும். லேமினேட்டடில் நடுவே இருக்கும் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும்.

கல்லைவிட முக்கியம் படியின் உயரம். ஆறு அங்குலம் என்றால் எல்லாம் ஆறு அங்குலமாகவே இருக்க வேண்டும். கல்லுக்கு அடியில் போடும் கலவை கூடத்துத் தரையில் கனமாக விழும், படியில் மெல்லிசாக விழும். படி வார்க்கும்போதே இந்தக் கணக்கைப் பார்க்காவிட்டால் முதல் படி ஓர் அங்குலம் குட்டையாகவும் கடைசிப் படி ஓர் அங்குலம் உயரமாகவும் வந்து நிற்கும். வயதானவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

படியோடு வீட்டுக்குள் இருக்கும் நடைக்கும் (நடைபாதைக்கும்) யோசனை வேண்டும் என்றால், காரைக்குடிப் பக்கம் போய் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைப் பாருங்கள். வெயில் முற்றத்தில் விழும், சுற்றியுள்ள நடைக்கு வெளிச்சம் மட்டும் வரும். அந்த நிழலில் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமென்ட் தரை ஓடு) மதியத்திலும் குளுகுளுவென்று இருக்கும்.

வடிவமைப்பாளர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டு வரைபடத்தையே மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோவை வீடு ஒரு பத்திரிகையில் பக்கம் பக்கமாக வந்தது. முழங்கால் தேய அந்தப் படிகளைப் பதித்த என் ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. போகட்டும். ஆனால் பிடித்து வைத்திருந்த கடைசித் தவணைக்கு, குடிவந்த பிறகும் மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். ஆட்களுக்குக் கூலியை நான் கடன் வாங்கிக் கொடுத்தேன். நீங்களாவது பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே கல் வேலைக் கணக்கை முடித்துக் கொடுத்துவிடுங்கள்.